பழைய கணினி, சின்ன பட்ஜெட்: வீட்டு ஒலிப்பதிவை மேம்படுத்த முழுமையான வழிகாட்டி

பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தால், இந்த முறை வேறொரு வரியில் 'படபட'. என் பழைய லேப்டாப்பைத் திட்டிக்கொண்டே ஒரு வருடத்துக்கு மேல் இப்படித்தான் ஓட்டினேன். புதிய கணினி வாங்கினால்தான் விடிவு என்று நினைத்தேன். வாங்கக் காசில்லை என்பதால் வேறு வழியின்றி ஒவ்வொன்றாக நோண்டிப் பார்க்க ஆரம்பித்தேன். இன்றும் அதே லேப்டாப்பில்தான் பதிவு செய்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்கைப் பதிவு செய்தால் நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை ஒவ்வொரு முறை அளந்து எடுக்கும் எண்), மாதிரிக்கு 3 பைட். அதாவது நொடிக்கு 144 கிலோபைட், நிமிடத்துக்கு 8.64 எம்.பி. எட்டு மைக்கை ஒரே நேரத்தில் பதிந்தாலும் நொடிக்கு 1.2 எம்.பி.யைத் தாண்டாது. மெதுவாகச் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கே நொடிக்குப் பல பத்து எம்.பி. எழுதிவிடும். ஆக, ஒலியைப் பதிந்து வைப்பது மட்டும் என்றால் அரதப்பழசான கணினிக்கும் அது பெரிய வேலை இல்லை. பதியும்போதே ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போடு, கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது) போடு, அதை உடனுக்குடன் ஹெட்ஃபோனில் திருப்பிக் கொடு என்று கேட்கும்போதுதான் அதற்கு மூச்சு முட்டுகிறது. இந்த வேலைகளைப் பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கும் கணினிக்கும் சம்பந்தமே இல்லை. அது அறையிலும் மைக்கிலும் இருக்கிறது.

1. நோய் எது என்று முதலில் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், இப்போது இருக்கிறபடியே இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். முதல் அரை நிமிடம் முழு அமைதி. அடுத்த ஒரு நிமிடம் வழக்கம்போலப் பேச்சோ பாட்டோ. கடைசியில் நான்கைந்து முறை கை தட்டுங்கள். பிறகு ஹெட்ஃபோனில் கேளுங்கள். அமைதியான பகுதிக்கு மட்டும் ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கை தட்டல் வருவதற்குள் குறைத்துவிடுங்கள், காது பத்திரம்.

அமைதியில் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்டால், பெரும்பாலும் மைக் தூரத்தில் இருக்கிறது, அதை ஈடுகட்ட கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, அதிகமாகத் திருகியிருக்கிறீர்கள். 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் மின் இணைப்பிலிருந்து வருவது. 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் அப்படிக் கேட்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டான். இனிமேல் பாடும் நேரத்தில் மட்டும் சார்ஜர் வேண்டாம். குரல் வாளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தாலோ, கை தட்டலுக்குப் பின்னால் ஒரு வால் நீண்டாலோ அது அறையின் கோளாறு. வெட்டு, கிளிக், படபடப்பு, இவை மட்டும்தான் கணினியின் கணக்கில் சேரும்.

இந்தப் பதிவை அழிக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே இரண்டு நிமிடத்தைப் பதிந்து ஒப்பிட வேண்டும். 'இப்போது கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கிறது' என்ற நினைப்பை நம்பவே கூடாது. காசு செலவழித்த பிறகு காது நம் பக்கம் சாய்ந்துவிடும்.

2. அறை

மலிவான மைக்கை நல்ல அறையில் வைத்தால் வரும் ஒலி, விலையுயர்ந்த மைக்கை வெறும் சுவர்களுக்கு நடுவில் வைத்தால் வருவதைவிட நன்றாக இருக்கும். இது கேட்டுக் கேட்டுச் சலித்த வாக்கியம்தான். ஆனாலும் எல்லோரும் மைக்கைத்தான் முதலில் வாங்குகிறோம், நானும் அப்படித்தான்.

மைக்குக்குப் பிறகு நான் வாங்கியது சதுரம் சதுரமான மெல்லிய ஃபோம். ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். பார்க்க ஸ்டுடியோ மாதிரியே இருந்தது. ஒலி மட்டும் அதே வாளி ஒலி. காரணம் இயற்பியல். ஒரு பொருள் ஒலியை நன்றாக உறிஞ்ச, அதன் தடிமன் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்குக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 86 செ.மீ. 2.5 செ.மீ. ஃபோம் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைத்தான் உருப்படியாக உறிஞ்சும். குரலின் கீழ்ப்பகுதி அப்படியே சுவரில் மோதித் திரும்பும். விளைவு, மேலே மந்தமாகவும் கீழே குடைச்சலாகவும் ஒரு ஒலி. முட்டை அட்டை இதைவிட மோசம், அதைப் பற்றி இத்தனை சொன்னால் போதும்.

கனமான போர்வை, மெத்தை, துணி நிறைந்த அலமாரி, புத்தகம் அடுக்கிய ஷெல்ஃப், இவை தடிமனானவை, ஏற்கெனவே வீட்டில் இருப்பவை. கேள்வி எங்கே வைப்பது என்பதுதான். பாடல் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை: முன்னால் நன்றாகக் கேட்கும், பின்னால் கேட்காது. அப்படியானால் மைக் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். எனவே முதல் போர்வை தொங்க வேண்டிய இடம் உங்கள் முதுகுப் பக்கம். மைக்குக்குப் பின்னால் வளைத்து வைக்கும் கேடயத்தை வாங்கிவிட்டு முதுகுப்புறச் சுவரை வெறுமையாக விடுவது நிறையப் பேர் செய்கிற தவறு. போர்வையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால், கீழ் அதிர்வெண்களிலும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும்.

அறையின் சரியான நடுவில் நிற்காதீர்கள், மூலையிலும் நிற்காதீர்கள். துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பதிந்து பாருங்கள். என் அனுபவத்தில் செலவே இல்லாமல் கிடைத்த மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

லேப்டாப் விசிறியின் சத்தத்துக்கும் இதே தர்க்கம்தான். கார்டியாய்டு மைக்கின் முதுகை லேப்டாப் பக்கம் திருப்பி வையுங்கள். நீளமான யூ.எஸ்.பி. கேபிள் இருந்தால் லேப்டாப்பை மேசைக்குக் கீழேயோ தூரத்திலோ தள்ளிவிடலாம். அறையின் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பாட வேண்டும். வியர்க்கும், வேறு வழியில்லை.

3. மைக்கின் தூரம்

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரடியாக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலியோ கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும். 60 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ.க்கு வந்தால், அறையை விட உங்கள் குரல் 12 டெசிபல் மேலே போய்விடும். ஒரு காசு செலவில்லை.

விரல்களை விரித்து ஒரு சாண் அளந்துகொள்ளுங்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் அங்கிருந்து தொடங்கலாம். அதைவிட நெருங்கினால் குரலின் அடிப்பகுதி தடிக்கும்; கார்டியாய்டு மைக்குகளின் இயல்பு அது. 'ப', 'ட' போன்ற எழுத்துகளில் காற்று வந்து 'புப்' என்று மோதினால், பாப் ஃபில்டர் (காற்றைத் தடுக்கும் மெல்லிய திரை) ஒன்றை நடுவில் வையுங்கள், இல்லையென்றால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி, மூக்கு உயரத்தில் வைத்து, வாயை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். காற்று நேராகப் போய்விடும், ஒலி மட்டும் மைக்கில் விழும்.

மேசை ஸ்டாண்ட் வேண்டாம். கீபோர்டைத் தட்டுவதும் மவுஸை நகர்த்துவதும் அப்படியே ஏறி வரும்.

4. லெவல்

24 பிட்டில் பதியுங்கள், உச்சம் -12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும் (0 தான் ஒலி உடையும் எல்லை). 16 பிட்டின் கோட்பாட்டு வீச்சு 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144 டெசிபல். இவ்வளவு இடம் இருக்கும்போது மீட்டரைச் சிவப்பின் விளிம்பு வரை தள்ள வேண்டிய அவசியமே இல்லை. குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உடைந்து பதிந்ததை ஒட்ட முடியாது. ஒத்திகையில் பாடுவதைவிட நிஜமாகப் பாடும்போது எல்லோரும் சத்தமாகத்தான் பாடுவோம். அதனால் பாட்டின் உச்சமான வரியைப் பாடிக் காட்டி கெயினை வையுங்கள்.

மாதிரி விகிதம் 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் போதும். 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிந்துவிடும். நம் காது 20-ஐத் தாண்டாது, வயதாக ஆக அதற்கும் கீழேதான். 96-க்குப் போனால் ப்ளக்-இன்களின், அதாவது ரிவெர்ப் போன்றவற்றைச் சேர்க்கும் துணை மென்பொருள்களின், சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகும். மெதுவான கணினியில் அது தற்கொலை.

5. தாமதம், அதாவது லேட்டன்சி

நீங்கள் பாடுவதைக் கணினி வாங்கி, ஒரு சிறு தொட்டியில் நிரப்பி, தொட்டி நிரம்பியதும் வேலை செய்து, திருப்பிக் கொடுக்கிறது. அந்தத் தொட்டிதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரி பஃபர் என்றால் 2.7 மில்லி நொடி, 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. உள்ளே வரும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை, நடுவில் டிரைவரின் பங்கு வேறு. 512-இல் வைத்தால் உங்கள் குரல் 20 மில்லி நொடிக்கும் மேல் பிந்திக் காதுக்கு வரும். பாடவே வராது. சரி, 128-க்குக் குறைத்தால்? தொட்டி சின்னது, அடிக்கடி நிரம்பும், கணினிக்கு நிதானமே கிடைக்காது. 'படபட' ஆரம்பிக்கும். என் ஒரு வருடப் போராட்டம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடியதுதான்.

வெளியே வர வழி, குரலைக் கணினி வழியாகக் கேட்காமலே இருப்பது. ஓரளவு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பொத்தானோ குமிழோ இருக்கும். ஹெட்ஃபோன் செருகும் துளை உள்ள பல யூ.எஸ்.பி. மைக்குகளிலும் இது உண்டு. அதைப் போட்டால் மைக்கின் ஒலி கணினிக்குப் போகும் முன்பே நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். பின்னணி இசை மட்டும் கணினியிலிருந்து வரும். இப்போது பஃபரைத் தைரியமாக 1024-இல் வைத்துக்கொள்ளலாம். மென்பொருளில் குரல் பதியும் டிராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிட மறக்காதீர்கள், இல்லையென்றால் குரல் இரண்டு முறை கேட்கும். ரிவெர்ப் இல்லாமல் வெறும் குரலைக் கேட்டுப் பாடுவது முதலில் கூச்சமாக இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும்.

டைரக்ட் மானிட்டர் இல்லாதவர்கள் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு, இன்னொரு காதால் தங்கள் குரலைக் காற்று வழியே கேட்கலாம். கழற்றிய பக்கத்தைக் கன்னத்தோடு அழுத்தி வையுங்கள், இசை மைக்கில் ஒழுகக் கூடாது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, அதன் தாமதம் பஃபரைவிடப் பல மடங்கு.

இன்னொரு சங்கதி உண்டு. கேட்கும்போது தாமதம் இல்லாவிட்டாலும், பதிவான டிராக் இசையைவிடச் சற்றுப் பிந்தி விழலாம். 'நான் தாளத்தில்தானே பாடினேன்' என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். மென்பொருளில் மெட்ரோனோம் ஒலியை ஒரு டிராக்காக வையுங்கள். ஹெட்ஃபோனைக் கழற்றி மைக்கின் முகத்தில் வைத்து, டைரக்ட் மானிட்டரை அணைத்துவிட்டு அந்த 'டிக் டிக்'கைப் புதிய டிராக்கில் பதியுங்கள். இரண்டு டிராக்குகளையும் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால், எத்தனை மில்லி நொடி விலகல் என்று தெரியும். அந்த எண்ணை மென்பொருளின் ரெக்கார்டிங் லேட்டன்சி அமைப்பில் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். பஃபரை மாற்றினால் இதையும் மறுபடி செய்யுங்கள்.

விண்டோஸ் பயனாளிகள் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர்) நிறுவிக்கொள்ள வேண்டும். அது இல்லாத கருவிகளுக்கு ஏசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவர் பெரும்பாலும் கைகொடுக்கும். மேக்கில் இந்தத் தலைவலி கிடையாது.

6. கணினியைச் சும்மா இருக்க வைப்பது

படபடப்பு இன்னமும் இருந்தால் இங்கே வாருங்கள். முதலில் உடல். பழைய லேப்டாப்பின் விசிறியில் தூசி அடைத்துக்கொண்டால் சூடு ஏறும், சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் திணறுகிறது என்றால் இதுதான் நோய். தூசியை எடுத்துவிட்டால் விசிறியின் சத்தமும் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அடுத்து, மின்சக்தி அமைப்பை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' நிலைக்கு மாற்றுங்கள். அதிலேயே யூ.எஸ்.பி. துளைகளைத் தூங்க வைக்கும் ஒரு வசதி இருக்கும், அதை அணையுங்கள். இன்டர்ஃபேஸை ஹப் வழியாக இல்லாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள். உலாவியை மூடுங்கள், சுருக்கி வைப்பது மூடுவது ஆகாது. மேகச் சேமிப்பின் ஒத்திசைவை நிறுத்தி வையுங்கள். ஆன்டிவைரஸ் உங்கள் பதிவுக் கோப்புறையைத் துழாவாமல் விலக்கு கொடுங்கள்.

கடைசியாக வைஃபையையும் ப்ளூடூத்தையும் அணையுங்கள். என் விஷயத்தில் வில்லன் வைஃபை டிரைவர்தான். சில டிரைவர்கள் ஓரிரு மில்லி நொடிக்குக் கணினியை யாருக்கும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பிராசஸர் மீட்டர் 20 சதவீதத்தில் அமைதியாக நிற்கும், ஒலி மட்டும் வெட்டும். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று பெயரோடு சொல்லிவிடும்.

செலவு செய்தே தீர்வது என்றால், புதிய கணினிக்கு முன் பழையதில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள், ரேமை 8 ஜி.பி. ஆக்குங்கள். பிராசஸர் மாறாது, ஆனால் திறப்பதும் சேமிப்பதும் வேறு கணினி போல் ஆகிவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11-ஐ ஏற்காத பழைய கணினி என்றால், அதை இணையத்திலிருந்து துண்டித்துப் பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்ல யோசனை. லினக்ஸ் பக்கம் போக மனமிருந்தால் உபுண்டு ஸ்டுடியோ இருக்கிறது. ஆனால் உங்கள் இன்டர்ஃபேஸ் அதில் ஓடுமா என்று பென் டிரைவிலிருந்து துவக்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

7. மென்பொருள்

ஒரே ஒரு குரலைப் பதிந்து வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போதும், இலவசம். பல டிராக் வேலைக்கு என் ஓட்டு ரீப்பருக்கு. நிறுவும் கோப்பு மிகச் சிறியது, பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும், 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். விண்ஆம்ப் என்ற பழைய பாட்டு பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கெலின் கைவண்ணம் என்பதால் அந்தச் சிக்கனம் ஆச்சரியமில்லை. அதோடு வரும் ப்ளக்-இன்கள் பார்க்க அழுதுவடியும், ஆனால் சுமை மிகக் குறைவு. படம் படமாக மின்னும் ப்ளக்-இன்களைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியது ஃப்ரீஸ். ஒரு டிராக்கில் ப்ளக்-இன் வேலை ஓரளவு முடிந்ததும் ஃப்ரீஸ் செய்தால், மென்பொருள் அதைச் சாதாரண ஒலிக் கோப்பாக மாற்றி, ப்ளக்-இன்களைத் தூங்க வைத்துவிடும். மாற்ற வேண்டுமா, அன்ஃப்ரீஸ் செய்துகொள்ளலாம். பியானோ, டிரம்ஸ் போன்ற மெய்நிகர் வாத்தியங்கள்தான் ரேமை விழுங்குபவை. வாசித்து முடித்ததும் அவற்றை உடனே ஃப்ரீஸ் செய்யுங்கள். குரல் பதியப் போகும் நாளில் ஒரு படி மேலே போய், இசை முழுவதையும் ஒரே ஸ்டீரியோ கோப்பாக எடுத்து, புதிய காலி புராஜெக்ட்டில் அதை மட்டும் வைத்துப் பாடுங்கள். கணினிக்கு அன்று கிட்டத்தட்ட விடுமுறை.

ரிவெர்ப்பைப் பத்து டிராக்கில் பத்து முறை போடாதீர்கள். ஒரு தனி டிராக்கில் ஒரே ரிவெர்ப், மற்றவற்றிலிருந்து அதற்கு வேண்டிய அளவு அனுப்புங்கள். சுமை பத்தில் ஒன்று. எல்லாம் ஒரே அறையில் ஒலிப்பதுபோல் ஒட்டி நிற்கும் என்பது கூடுதல் லாபம்.

8. காசை எந்த வரிசையில் செலவழிப்பது

முதலில் நல்ல ஸ்டாண்டும் பாப் ஃபில்டரும். அப்புறம் காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன். பிறகு டைரக்ட் மானிட்டர் உள்ள, இரண்டு உள்ளீடு கொண்ட எளிய இன்டர்ஃபேஸ். கடைசியில்தான் மைக். சத்தமான, எதிரொலிக்கும் அறை என்றால் நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் கண்டன்ஸர் மைக்கைவிட, அவ்வளவு கூர்மையில்லாத டைனமிக் மைக் நிம்மதி. நெருங்கிப் பாட வேண்டும், அதனால் அறை பின்னுக்குப் போய்விடும். ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம். 58 1966-இலிருந்து விற்கிறது, இன்னும் மேடைக்கு மேடை அதுதான். புகழ் பெற்றது என்பதால் போலிகளும் ஏராளம், நம்பகமான இடத்தில் வாங்குங்கள். அமைதியான அறையும் மென்மையான குரலும் என்றால் கண்டன்ஸர் போகலாம். அதற்கு இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் ஃபான்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) இருக்க வேண்டும்.

பழைய இன்டர்ஃபேஸ் வாங்கும்போது, உங்கள் இயங்குதளத்துக்கு டிரைவர் கிடைக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன் பாருங்கள். ஃபயர்வயர் இணைப்பு என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தனி டிரைவர் கேட்காத 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' வகை நீண்ட நாள் உழைக்கும். கையில் வாங்கியதும் எல்லாக் குமிழ்களையும் திருகிப் பாருங்கள், 'கரகர' என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

9. பதிந்த பிறகு

குரலுக்கு முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டும் ஒரு ஹை-பாஸ். கட்டைக் குரலாக இருந்தால் இன்னும் கீழே வையுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷனை அளவோடு போடுங்கள். இரைச்சலை முழுக்கத் துடைக்கப் போனால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும், இசை சேர்ந்ததும் மறைந்துவிடும். கலவையை ஹெட்ஃபோனில் மட்டும் முடிக்காமல், செல்ஃபோன் ஸ்பீக்கரிலும் குறைந்த ஒலியில் ஒரு தடவை கேளுங்கள். அதில் வரிகள் புரியவில்லை என்றால் குரலை ஏற்ற வேண்டும்.

அன்றைய வேலை முடிந்ததும் முழுக் கோப்புறையையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு போகாது. எனக்கு அது போனபோது கூடவே இரண்டு பாடல்கள் போயின.